கிரீல் கூடைக்கு வில்லோ குச்சி ஒடிகிறதா?

வணக்கம் நண்பரே. அயர்லாந்தின் கால்வேயில் வாங்கிய காய்ந்த வில்லோ மரக் குச்சியை ஒரு ராத்திரி ஊறவைத்தும், கிரீல் என்ற அயர்லாந்துச் சுமைக்கூடை பின்னும்போது திருப்பத்தில் ஒடிகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கைமேல் குறையில்லை, ஊறல்தான் போதவில்லை. பட்டை உரிக்காத குச்சிக்கு அடிக்கு ஒரு நாள் என்பது கைக்கணக்கு. 6 அடிக் குச்சி என்றால் குளிர்ந்த நீரில் 6 நாள். பிறகு ஈரத்துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். அளவுக்கு மீறி ஊறினால் பட்டை வழவழத்துக் கழன்றுவரும். திருப்பத்தில் குச்சியை வெறுமனே மடக்காமல், முறுக்கிக்கொண்டே மடக்குங்கள். நார் பிரிந்து கொடுக்கும்.

அப்புறம், கூடையின் அடிப்பாகத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்களே, அயர்லாந்துக் கிராமத்து முறை அப்படியல்ல. குச்சிகளைச் செவ்வகமாக மண்ணில் ஊன்றி, கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல், தரையை ஒட்டி வாய்ப்பக்கத்தை முதலில் பின்னுவார்கள். பக்கங்களின் நடுவில் கொஞ்சம் இடத்தைப் பின்னாமல் இடைவெளியாக விடுவார்கள். கனம் குறையும், கயிறு கோக்கவும் வசதி. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளை மடக்கிப் பின்னினால் அதுவே அடிப்பாகம். ஊன்றிய மண்ணே குச்சியைப் பிடித்துக்கொள்வதால் தனியாளாகவே பின்னலாம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது அதுதான். கழுதையின் இருபுறமும் தொங்கி அடுப்பெரிக்கும் கரிமண்ணும் கடற்பாசியும் சுமந்த கூடை இது, பின்னலை நெருக்கி அடித்து இறக்குங்கள்.

புதுக்குச்சி கிடைத்தால் இலையுதிர்ந்த பிறகு வெட்டி, சில வாரம் வாடவிட்டுப் பின்னுங்கள். பச்சையாகப் பின்னினால் காய்ந்ததும் தளர்ந்துவிடும்.