லிக்விடா, பவுடரா, கட்டி சோப்பா: எது கட்டுப்படியாகும்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு விசைத்தறிப் பட்டறையில் வேலை, பிள்ளைகள் இருவர் பள்ளிக்குப் போகிறார்கள். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுகிறது. போர் தண்ணீர்தான். முதலில் கிலோ 78 ரூபாய் சாதாரண பவுடர் போட்டேன். அழுக்குப் போகவில்லையே என்று 150 கிராம் வரை போட்டால் நுரை பொங்குகிறது. பிறகு மெஷின் பவுடர் (2 கிலோ 440 ரூபாய்), லிக்விட் (2 லிட்டர் 380 ரூபாய்), கேப்ஸ்யூல் (18 எண்ணம் 450 ரூபாய்) என்று மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு லோடுக்கு பவுடர் 70 கிராம், லிக்விட் 60 மில்லி என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. லிக்விட் வாங்குவது தண்ணீருக்குக் காசு கொடுப்பது, கட்டி சோப்பே போதும் என்கிறார் மாமியார். எதில்தான் செலவு குறைவு?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கிலோ விலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மெஷின் ஒரு தடவை ஓடினால் எவ்வளவு செலவு என்று பார்ப்போம்.

மெஷின் பவுடர் கிராமுக்கு 22 பைசா. 70 கிராமுக்கு 15 ரூபாய் 40 பைசா. லிக்விட் மில்லிக்கு 19 பைசா, 60 மில்லிக்கு 11 ரூபாய் 40 பைசா. கேப்ஸ்யூல் ஒன்று 25 ரூபாய். இனி அந்த 78 ரூபாய் பவுடருக்கு வாருங்கள். 150 கிராம் போட்டால் 11 ரூபாய் 70 பைசா! மலிவு என்று நினைத்து வாங்கியது லிக்விடைவிட 30 பைசா கூடுதலாக இழுக்கிறது. மாதம் பதினைந்து லோடு என்றால் கேப்ஸ்யூலுக்கு 375 ரூபாய், மெஷின் பவுடருக்கு 231, லிக்விடுக்கு 171, சாதாரண பவுடருக்கு 175.50. இதோடு, நுரை மிஞ்சினால் பல மெஷின்கள் கூடுதலாக ஒரு முறை அலசும். அந்தத் தண்ணீரும் கரண்டும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கை துவைப்புக்கான பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடுவதை இன்றே நிறுத்துங்கள். வாளியில் மிதியடி, கைப்பிடித் துணி ஊறவைக்க அது நன்றாகவே உதவும்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை. லிக்விடில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆனால் பவுடரிலும் சோடியம் சல்ஃபேட் போன்று அளவைக் கூட்டுவதற்கென்றே சேர்க்கும் சரக்கு உண்டு. அதனால்தான் கிலோவை லிட்டரோடு ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா சலவைப் பவுடர், மலிவு விலையால் சந்தையையே புரட்டிப் போட்டது. அதற்குப் பதிலடியாகத்தான் தொலைக்காட்சியில் சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜி என்ற இல்லத்தரசி வந்து, அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவு பவுடருக்குச் சமம் என்றார். அது விளம்பரம், அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போடும் முறை சரிதான். அந்தக் கணக்கை உங்கள் துணியையும் உங்கள் தண்ணீரையும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். புதுப் பாக்கெட் பிரிக்கும் நாளை காலண்டரில் குறித்து, தீரும்வரை ஒவ்வொரு லோடுக்கும் ஒரு கோடு போட்டு வாருங்கள். விலையைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான செலவு தெரிந்துவிடும்.

பவுடருக்கு ஒரு எச்சரிக்கை. 100 மில்லி கப்பில் 100 கிராம் பவுடர் கொள்ளாது. சமையலறைத் தராசில் ஒரே ஒரு முறை 70 கிராம் நிறுத்து, அது கப்பில் எதுவரை வருகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். பாதி டிரம் துணிக்கு முழு அளவு போட வேண்டாம். அளவு அதிகமா என்று சந்தேகம் வந்தால், துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை வாளியில் நல்ல தண்ணீரில் போட்டுக் கசக்குங்கள். நுரை வந்தால் அடுத்த லோடில் குறைக்கலாம்.

அழுக்குப் போகாததற்கு உங்கள் போர் தண்ணீர் பெரிய காரணமாக இருக்கலாம். குழாய் வாயிலும் கீசரிலும் வெள்ளையாகப் படிகிறதல்லவா? கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர் அது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அப்படி உப்பு மிகுந்த தண்ணீரில் நீங்கள் போடும் பவுடரில் ஒரு பங்கு அந்தக் கால்சியத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே வீணாகிவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைத் தொட்டியில் ஏற்றித் துவைக்க முடிந்தால், எந்தப் பிராண்டை மாற்றுவதைவிடவும் அதிகம் மிச்சமாகும். வாளியில் ஊறவைக்கும் வெள்ளைப் பருத்தித் துணிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா சேர்த்தால் பவுடரின் அளவைக் குறைக்கலாம். பட்டிலும் கம்பளியிலும் மட்டும் சோடா படக்கூடாது. என்சைம் (கறையைச் சிதைக்கும் பொருள்) உள்ள பவுடரும் லிக்விடும் அவற்றுக்கு ஆகாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது லிக்விட் ரீஃபில் பாக்கெட். தறி எண்ணெய்க் கறைக்கு அதுதான் ஏற்றது. கணவர் சட்டையில் கறை பட்ட இடத்தில் சில சொட்டு நேராக விட்டு, கால் மணி நேரம் கழித்து மெஷினில் போடுங்கள். பிள்ளைகளின் சீருடையில் செம்மண் ஏறியிருந்தால் பவுடர் ஒரு படி மேல். அதற்காக மட்டும் ஒரு சின்ன பாக்கெட் வைத்திருக்கலாம். மாமியாரின் கட்டி சோப்பையும் விட்டுவிடாதீர்கள். காலருக்கும் கைப்பட்டிக்கும் அதைப்போல் மலிவாக வேலை செய்யும் பொருள் இல்லை. துளை போட்ட டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் கரைந்து போகும் சோப்புதான் பெரிய செலவு.

கடையில் பெரிய பாக்கெட் மலிவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். கிராமுக்கு, கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்பது இப்போது பாக்கெட்டிலேயே அச்சாகிறது. சில நேரம் சின்ன பாக்கெட்டே குறைவாக வரும். 60 டிகிரி வெந்நீரையும் கவனியுங்கள். பதினைந்து லிட்டர் தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஆகும். அன்றாடத் துணிக்கு அது தேவையில்லை.

கேப்ஸ்யூல் இனி வாங்க வேண்டாம். பாதி லோடுக்கு அதைப் பாதியாக வெட்டிப் போடவும் முடியாது. மீதி இருப்பதைப் போர்வையும் படுக்கை விரிப்பும் துவைக்கும் நாளில் தீர்த்துவிடுங்கள். அதுவரை பிள்ளைகளுக்கு எட்டாத மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள். பார்க்க மிட்டாய் போல இருக்கும், கடித்துவிட்டால் வாயும் கண்ணும் புண்ணாகும்.