சீ ஹாக்கில் எஞ்சின் ஒன்றுதான்

இந்தியக் கடற்படையின் பழைய சீ ஹாக் போர் ஜெட்டை, கணினியில் விமானம் ஓட்டும் பிளைட் சிமுலேட்டருக்காக உருவாக்கிவரும் கோவை வாசகர் ஒருவர், இணையத் தரகரிடம் 6,000 ரூபாய்க்கு முப்பரிமாண மாதிரி ஒன்றை வாங்கியிருக்கிறார். இடப்பக்க த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மட்டும் குறைத்தால் மூக்கு இடப்புறம் திரும்புகிறது, மேலெழும்போது விமானம் நம்ப முடியாத வேகத்தில் ஏறுகிறது, எந்த எண்ணைத் திருத்துவது என்று கேட்கிறார்.

ஓர் எண்ணைத் திருத்தினால் தீராது. இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று பறக்கும் விதத்தைச் சொல்லும் கோப்பை அப்படியே எடுத்து, அதன் மேல் சீ ஹாக்கின் உருவத்தைப் போர்த்தி உங்களிடம் விற்றிருக்கிறார்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இருபுறமும் காற்று நுழையும் வாயும், பின்னால் இருபுறமும் புகைபோக்கியும் இருப்பதால், பார்ப்பவர்களுக்கு இரண்டு எஞ்சின் என்றே தோன்றும். உள்ளே இருப்பதோ ஒரே ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் நீன். அதன் வெளியேற்றக் குழாயை இரண்டாகப் பிரித்து இருபுறமும் விட்டதால்தான் உடலின் பின்பகுதியில் எரிபொருளுக்கு இடம் கிடைத்தது.

ஆகவே எஞ்சின் எண்ணிக்கையை ஒன்றாக்கி, அதை விமானத்தின் நடுக்கோட்டில் வையுங்கள். உந்துவிசையை 5,200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,360 கிலோ என்று கொடுங்கள். வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரித்துக் கூடுதல் விசை தரும் ஆஃப்டர்பர்னரை அணைத்துவிடுங்கள், இந்த விமானத்தில் அது கிடையாது. முழுச் சுமையுடன் 7,300 கிலோவைத் தொடும் விமானத்துக்கு இந்த விசைதான் என்றால், ராக்கெட்டைப் போல ஏற வாய்ப்பே இல்லை. த்ராட்டிலைத் தள்ளியதும் சுழற்சி உடனே கூடிவிடவும் கூடாது. அக்காலத்து எஞ்சின்கள் மெதுவாகத்தான் வேகமெடுக்கும். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் கோணத் தளத்தில், இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பியைத் தவறவிட்டால் மீண்டும் எழும்பியாக வேண்டும் என்பதால், இந்தத் தாமதம் இல்லாத சீ ஹாக்கில் தரையிறங்கிப் பழகுவது வீண்.

இந்தத் தரகர்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு விளையாட்டுகளிலிருந்து பிடுங்கிய உருவங்களுக்குப் புதுப் பெயர் சூட்டி விற்பவர்கள் இவர்களில் பலர். உரிமம் யாருடையது என்று எழுத்தில் தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; நாளை நீங்கள் அதை வெளியிட்டால், உரிமையாளரின் புகார் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

வால் ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நம் கடற்படை பிரிட்டனிலிருந்து வாங்கியவற்றோடு, ஜெர்மன் கடற்படை பயன்படுத்திய மார்க் 100, 101 வகைகளையும் பின்னர் வாங்கியது. அவற்றின் செங்குத்து வாலும் சுக்கானும் உயரமானவை. 1971 டிசம்பரில் விக்ராந்திலிருந்து கிளம்பிச் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய 300-ஆம் படைப்பிரிவின் வண்ணத்தைத் தீட்டுவதாக இருந்தால், முதலில் விமானத்தின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதே எண்ணுள்ள பழைய ஒளிப்படத்தில் வாலின் உயரத்தைப் பார்த்த பிறகே உருவத்தில் கை வையுங்கள். வண்ணத்தை மட்டும் மாற்றிக் குட்டை வாலை அப்படியே விட்டுவைத்தால், விவரம் அறிந்தவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

காக்பிட்டை அளந்து படமெடுக்க அதிகாரிகளிடம் அனுமதி கேட்டால் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. 1983-இல் ஓய்வுபெற்ற விமானத்தில் இன்னும் எதைக் காக்கிறார்கள்? பதிலுக்காகக் காத்திருக்காமல் பிரிட்டிஷ் விமானி கையேட்டின் மறுபதிப்பைத் தேடி வாங்குங்கள். தரையிறங்கும் வேகத்தையும் எஞ்சின் வரம்புகளையும் அதிலிருந்தே எடுத்துக் கோப்பில் இடுங்கள்; தரகர் தந்த கோப்பிலிருந்து ஓர் எண்ணையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.