ஓடுகிற தண்ணீரில் ஈயக்குண்டு: கேள்வி பதில்

நம் செட்டிநாட்டு ஆட்களுக்குத் தூண்டில் என்றால் கண்மாயும் ஊரணியும்தான். தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், போட்ட குண்டும் போட்ட இடத்தில் கிடக்கும். இப்போது பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று கடலுக்குப் போகிறார்கள். போய்விட்டு வந்து கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "குண்டு நிற்க மாட்டேங்குது, எவ்வளவு எடை போடணும்?" நான் பதினெட்டு வருஷம் மலேசியாவில், கிள்ளானில் வேலை பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் படகில்தான் போயின. அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, கண்மாயில் 10 கிராம் குண்டில் கெளுத்தி பிடிப்பேன். தொண்டியில் 60 கிராம் போட்டும் அஞ்சு நிமிஷத்தில் இழுத்துக் கரையோரம் தள்ளிவிடுகிறது. 150 கிராம் வாங்கட்டுமா?

இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி. முதலில் உங்கள் தூண்டில் நரம்பு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். தண்ணீர் குண்டைத் தள்ளுவதாக எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது பிடித்து இழுப்பது நரம்பை. குண்டு கோலிக்காய் அளவு. நரம்போ தண்ணீருக்குள் முப்பது நாற்பது மீட்டர் கிடக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிற தண்ணீர், 20 மீட்டர் ஆழம், 0.5 மில்லிமீட்டர் நரம்பு. அந்த நரம்பின் மேல் மட்டும் விழுகிற இழுப்பு ஏறக்குறைய 150 கிராம். அதே இடத்தில் 0.25 மில்லிமீட்டர் பிரெய்ட், அதாவது இழைகளைப் பின்னிய நரம்பு, போட்டால் பாதி. காசு செலவழித்துக் குண்டைக் கூட்டுவதும் நரம்பைப் பாதியாக்குவதும் ஒரே பலன்தான். ஆனால் மெல்லிய நரம்பில் மீன் கடிப்பதும் கைக்குத் தெரியும். நுனியில் மட்டும் தடித்த நரம்பு ஒரு பாகம் கட்டிக்கொள்ளுங்கள், உரசி அறுகாது.

தொண்டி மாதிரி ஆழம் குறைந்த கரையில் இன்னொன்று உண்டு. கடற்புல்லும் பாசியும் நரம்பில் தொங்க ஆரம்பித்தால், ஒரு முழம் பாசி உங்கள் 60 கிராமையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ராடை, அதாவது தூண்டில் கம்பை, கையில் தாழ்த்திப் பிடிக்காமல் மணலில் குழாய் ஊன்றி நிமிர்த்தி வையுங்கள். நரம்பு எவ்வளவு தூரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவும் லாபம்.

புதுவயல், கடை வைத்திருப்பவர்: இத்தனை வேகத்துக்கு இத்தனை கிராம் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்.

கொடுத்தால் பொய்யாகிவிடும். காரணம் சொல்கிறேன். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு. காலையில் 80 கிராம் நின்ற அதே இடத்தில் பத்து மணிக்கு 300 வேண்டியிருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நான் பையில் 60, 90, 120, 150 வைத்திருப்பேன். கடையில் அவுன்ஸ் கணக்கில் கொடுத்தால் ஓர் அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். படகிலிருந்து இறக்கும்போது தரையில் 'டொக்' என்று தட்டுவது விரலுக்குத் தெரிய வேண்டும். ராடை ஒரு முழம் தூக்கி மெல்ல விடுங்கள், மறுபடியும் தட்ட வேண்டும். இரண்டாவது தடவை தட்டவில்லை என்றால் குண்டு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அடுத்த எடைக்குப் போங்கள். தட்டுகிற எடைகளில் எது குறைந்ததோ அதுதான் சரியான எடை.

பள்ளத்தூர்: உருண்டை, தட்டை, கூம்பு என்று கடையில் ஏகப்பட்டது இருக்கிறது. எது நல்லது?

தரையைக் கேளுங்கள். மணல் என்றால் பிரமிட், அதன் கூர்மை மணலில் குத்தி நிற்கும். அதையே சேற்றில் போட்டால் புதைந்துபோய் இரையும் சேற்றுக்குள் போய்விடும். சேற்றுக்குத் தட்டைக் குண்டு. உருண்டை எங்கும் உருளும், ஓட்டத்தில் அதை நிற்க வைக்க முடியாது. ஆனால் குண்டு மெதுவாக உருண்டு தரையைத் துழாவட்டும் என்று வேண்டுமென்றே விடுகிறவர்களும் உண்டு. கிழங்கான் மீன் தேடும்போது நானும் அப்படித்தான் செய்வேன். ஆழத்துக்குச் சீக்கிரம் இறங்க வேண்டுமானால் நீளமான குண்டு.

எல்லாவற்றையும்விடப் பிடிப்புள்ளது நாலு கம்பிக் கால் வைத்தது. விரித்துவைத்த கால்கள் மணலைக் கவ்வும், வேகமாக இழுத்தால் மடங்கிக்கொண்டு வரும். இப்படி ஒரு 100 கிராம் நிற்கிற ஓட்டத்தில் வெறும் 150 நிற்காது. பாறையில் மட்டும் அதைப் போடாதீர்கள், திரும்பி வராது.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: தம்பி, எங்க வீட்டுக்காரர் ஈயத்தை உருக்கி என் பணியாரச் சட்டியில் ஊற்றிக் குண்டு செய்கிறார். அருமையா வருதுன்னு பெருமை வேற. கழுவிட்டு மறுபடியும் பணியாரம் ஊத்தலாமா?

வேண்டவே வேண்டாம் ஆச்சி. அந்தச் சட்டி இனி அவருடையது. அடுப்படியிலிருந்து எடுத்து, வேறு யாரும் தொடாதபடி கொல்லையில் அவர் சாமானோடு வைக்கச் சொல்லுங்கள். உருக்கிய கரண்டியும் அப்படித்தான். புளி போட்டுத் தேய்த்தாலும் போகிற அழுக்கு இல்லை இது. பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இன்னும் மோசம். காரீயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் கெடுக்கும்.

பணியாரக் குழி நல்ல அச்சு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் குவிவு, சேற்றுத் தரைக்கு ஏற்ற வடிவம். அவருக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, உருக்குவது வளவுக்குள் கூடவே கூடாது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நிற்க வேண்டும். இரண்டு, அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ஈரம் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். கிள்ளானில் என்னோடு வேலை பார்த்தவருக்கு மழையில் நனைந்த அச்சால் புருவம் போச்சு, கண் தப்பியது அவர் செய்த புண்ணியம். மூன்று, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

அதே ஆச்சி, மறுபடியும்: அப்போ ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, காலங்காலமா?

நல்ல கேள்வி. அது வெள்ளீயம், குண்டு காரீயம். பெயரில்தான் உறவு, இரண்டும் வேறு வேறு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. ஆனால் சொம்பு விற்கிறவர் கலப்படம் செய்திருந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தெரிந்த இடத்தில் வாங்குங்கள்.

காரைக்குடி: பழைய சாமான் கடையில் இரும்பு எடைக்கல் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. கூழாங்கல், சிமெண்ட், எதையாவது கட்டிவிட்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் எடை இழக்கும். 100 கிராம் காரீயம் கடலுக்குள் சுமார் 91 கிராமாக நிற்கும். இரும்பு 87. கருங்கல் 61 ஆகிவிடும், சிமெண்ட் அதற்கும் கீழே. போதாக்குறைக்குக் கல் பெரிதாக இருப்பதால் ஓட்டம் பிடித்துத் தள்ள இடமும் அதிகம். பாறையில் தொலையப்போகிற குண்டுக்குப் பழைய நட்டும் போல்ட்டும் போதும், ஈயத்தைக் கடலில் விடாத புண்ணியமும் சேரும். எடைக்கல்லைக் கட்டாதீர்கள். அந்தக் கடைத்தெருவில் அதற்கு இப்போது என்ன விலை சொல்கிறார்கள் தெரியுமா?

கோட்டையூர்: பாம்பன் பக்கம் படகில் போனோம். ஒரே நாளில் பதினோரு குண்டு பாறையில் போச்சு.

குண்டை மெயின் நரம்பில் நேராகக் கட்டியிருப்பீர்கள். மெயின் நரம்பைவிட மெல்லிய நரம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் குண்டைத் தனியாகத் தொங்கவிடுங்கள். மாட்டினால் அந்தச் சாண் மட்டும் அறும், தூண்டில் முள்ளும் மீனும் மேலே வரும். களவா பாறைக்குள் ஓடுகிற மீன், அதற்கு இது இல்லாமல் போகவே கூடாது.

பாம்பனில் ஓட்டம் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பி ஓடுவதில்லை. பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள்தான். அங்கே காற்றும் பருவமும்தான் பெரிய ஆள். வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாத் தண்ணீர் மன்னார் பக்கம் பாயும், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் திரும்பி வரும். குறுகலான வாய் என்பதால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். மன்னார் பக்கத்து 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே பவளப்பாறையில் குண்டு இறக்குகிற ஆசையே வேண்டாம்.

கிள்ளானிலிருந்து என் அக்கா மகன்: மாமா, இங்கே 250 கிராமும் பறக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

சமாளிக்கவில்லை மாப்பிள்ளை, அந்த நேரத்தில் சாப்பிட்டேன். அங்கே பெரிய ஏற்றத்தில் கடல் நாலு மீட்டருக்கு மேல் ஏறும். ஏறவும் இறங்கவும் தலா ஆறு மணி நேரம் சொச்சம். அதில் மூன்றாவது, நான்காவது மணியில் மட்டும் பாதித் தண்ணீர் ஓடிவிடும். அந்த இரண்டு மணி நேரம் குண்டோடு சண்டை போடாதே. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் போடு, செப்பிலி மீனும் அப்போதுதான் வாய் வைக்கும்.

நங்கூரம் போட்ட படகில் எல்லோரும் ஓட்டம் போகிற பக்கம் எறிவார்கள். நீ ஓட்டம் வருகிற பக்கம் எறி. குண்டு தரை தட்டியதும் இன்னும் கொஞ்சம் நரம்பை விடு, அது வில் மாதிரி வளைந்து படகைத் தாண்டிப் போகும். அந்த வளைவு குண்டை மேலே தூக்காமல் தரையோடு வைத்து இழுக்கும், கம்பிக் கால் நன்றாகக் கவ்வும். மீன் எடுத்தால் நரம்பு திடீரென்று தளரும், அதுதான் அடையாளம். நங்கூரம் இல்லாமல் படகை மிதக்கவிட்டால் படகும் தண்ணீரோடு போவதால் பாதி எடை போதும்.

நாள் பார்ப்பது சுலபம். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரைப் பார். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாள் ஓட்டம் உச்சம். அஷ்டமி, நவமி சுற்றித்தான் கடல் சோம்பும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்குகிற நாளெல்லாம் உனக்கு நல்ல நாள்.

தேவகோட்டை மாணவர், கடைசியாக: அண்ணே, சின்னக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறேன், பரவாயில்லையா?

குறடு வாங்குங்க தம்பி. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இந்தச் சின்னக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால்தான் 1987-ல் 28 கிராமுக்கு உட்பட்ட ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். அப்புறம் ஒன்று, உங்கள் ராடில் எத்தனை கிராம் வரை எறியலாம் என்று அடியில் எழுதியிருக்கும். 80 என்று போட்டிருந்தால் அதில் 150 கிராமை மாட்டி ஓங்கி எறியாதீர்கள்.