அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் 1939 ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டுக்குச் சுருதி, டெம்போ (வேகம்) என்ன? செயலிக்குச் செயலி வேறாகக் காட்டுகிறதே?

சுருதி பி ஃப்ளாட் மைனர். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. டெம்போவுக்கு ஒரே எண் சொல்ல முடியாது. நீங்களும் கூடவே கீபோர்டு வாசித்துப் பார்த்து, ஒட்டாமல் போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதுதான் நடந்தது.

நான் பன்னிரண்டு வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். மேடையில் பாடகர் தொண்டையைச் செருமும்போதே ஸ்கேலைப் பிடித்துவிடுவேன். இந்தப் பாட்டை நண்பர் அனுப்பியபோது பி ஃப்ளாட்டில் கை வைத்தேன், கரகரத்தது. ஏ-க்கு இறங்கினேன், அதுவும் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. கீபோர்டில்தான் கோளாறு என்று ராத்திரி முழுக்க ட்யூனிங்கைச் சோதித்தேன். மறுநாள் வேறொரு பிரதி கிடைத்தது. அது பி ஃப்ளாட்டில் அப்படியே உட்கார்ந்தது.

காரணம் தட்டின் வேகம். இது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு. யாரோ அதை ஓட்டிக் கணினியில் ஏற்றும்போது 74 சுற்றில் ஓடியிருந்தால், சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கிவிடும், டெம்போவும் கூடவே இறங்கும். நண்பர் அனுப்பிய பிரதி, மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய இந்தப் பாட்டில், ஐந்தாறு விநாடி நீளமாக இருந்தது. நீங்களும் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை இரண்டு பிரதிகளை அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள மௌனத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டெம்போவில் இன்னொரு சிக்கல். பாட்டு ரொம்ப மெதுவானது என்பதால் சில செயலிகள் ஒரு அடியை இரண்டாக எண்ணி இரட்டிப்புக் காட்டும். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் விலகிவிடும். பியானோ போகிற போக்கில் ஹாலிடே போகவில்லை. சொல்லைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துப் பாடுகிறார். ஜாஸ் முறையாகப் படித்தவர்கள் இதற்குச் சரியான பெயர் சொல்வார்கள். அமெரிக்கப் பாட்டுக்குக் கட்டைக் கணக்கு எதற்கு என்றும் யாராவது கேட்கலாம். என் காது பழகிய கணக்கு அது, அதனால் எழுதுகிறேன்.

மைனர் என்றாலே சோகம் என்று கீபோர்டு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பாட்டுக்கு அந்த விளக்கம் போதாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்து மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றிய பாட்டு இது. எழுதியவர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஏபெல் மீரோபோல். ஹாலிடே ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் இதைப் பதிவு செய்ய மறுத்தது. கமடோர் என்ற சிறிய நிறுவனம்தான் 1939 ஏப்ரல் 20 அன்று பதிவு செய்தது. அப்போது ஹாலிடேக்கு வயது 24. கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் இதைக் கடைசிப் பாட்டாகப் பாடுவாராம். பரிமாறுவதை நிறுத்தி, விளக்கையெல்லாம் அணைத்து, அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் விடுவார்கள். பதிவிலும் அவர் எங்கும் கத்தவில்லை, அழவில்லை. அந்த அடக்கம்தான் என் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் அந்த முன்னிசை. பாட்டு சின்னதாக இருக்கிறதே என்று கமடோரின் மில்ட் கேப்லர் கவலைப்பட, பியானோக்காரர் சன்னி ஒயிட் அங்கேயே ஒரு முன்னிசை வாசித்தார். குரல் வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தட்டில் மூன்றில் ஒரு பங்கு! ஆனால் நான் பாட்டுக் கேட்கும் செயலியில் அவர் பெயரே இல்லை, தேடித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் மேடையிலும் இதே கதைதான். பாடகர், தொகுப்பாளர், பந்தல் போட்டவர் வரை பெயர் சொல்லி நன்றி சொல்வார்கள். பன்னிரண்டு வருடத்தில் என் பெயரை மைக்கில் சொன்னது இரண்டே தடவை. வாசிக்கிறவனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று கூட்டிப்போகிறவர்களுக்குப் புரிவதே இல்லை.

சரி, ஒன்று மட்டும் பாருங்கள். இதே பாட்டை ஹாலிடே 1956-லும் மறுபடி பதிவு செய்திருக்கிறார். நீங்கள் வைத்திருப்பது அதுவாக இருந்தால் நான் சொன்ன கணக்கு பொருந்தாது.