வேகத்தோடு கூடும் பின்பக்க இரைச்சல்: டயரா, பேரிங்கா?

வேகம் கூடக் கூடக் காரின் பின்பக்க இரைச்சலும் ஏறினால், முதலில் எஞ்சினை விலக்கிப் பாருங்கள்: ஆளரவமற்ற சமதளச் சாலையில் சில நொடிகள் கியரை நியூட்ரலில் வைத்தும் ஒலி அப்படியே நீடித்தால், அது சக்கரங்களோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறது.

சாலையின் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயரையே முதலில் சந்தேகிப்பேன். சீரற்றுத் தேய்ந்த டயரை உள்ளங்கையால் தடவினால் மேடுபள்ளம் தட்டுப்படும், முன்பின் டயர்களை இடம் மாற்றினால் ஒலியும் முன்னே நகரும். வீல் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் உருளைத் தாங்கி) தேய்ந்திருந்தால், இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின்மீது சாய்வதால், பெரும்பாலும் வலப்பக்க பேரிங்கின் ஒலி ஓங்கும். ஐயம் நீடித்தால், காரை ஜாக்கால் தூக்கித் தாங்கு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின்மீது ஒரு கையை வைத்தபடி சக்கரத்தைச் சுழற்றுங்கள்; கரகரப்பு விரல்களுக்குத் தெரியும். சக்கரத்தில் ஆட்டம் இல்லை என்பதால் மட்டும் பேரிங் நலமாக இருப்பதாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் இரைச்சல்தான் பெரும்பாலும் முதலில் வரும்.