குஞ்சுக்குப் பஞ்சு எங்கே?

கேள்வி: முட்டைக்காக ஆறு பெட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். அழகுக்காக, பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி இனத்தில் ஒரு வெள்ளைச் சேவலையும் சேர்த்தேன். பொரித்த ஒன்பது குஞ்சுகளில் ஒன்றுக்குக்கூட பஞ்சு இறகு முளைக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: சேவலைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. சாதாரணக் கோழி இறகு ஒன்றைப் பிரித்துவிட்டு விரலால் நீவிப் பாருங்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் செய்யும் மாயம் அது. சில்க்கி இறகில் அந்தக் கொக்கிகள் இல்லை, அதனால்தான் பஞ்சு. ஆனால் இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் குஞ்சுகள் அதை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. காலைப் பாருங்கள், ஐந்தாவது விரல் இருந்தால் அது அப்பாவின் முத்திரை.

பெட்டைகள் வளர்ந்ததும் உறவில்லாத இன்னொரு சில்க்கி சேவலோடு சேருங்கள். சராசரியாகப் பாதிக் குஞ்சுகள் பஞ்சாக வரும். உடன்பிறப்புகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்றுதான். அந்த வழி எனக்குப் பிடிக்காது.

முட்டைதான் முக்கியம் என்றால் பழைய ஆறு பெட்டைகளைக் கைவிடாதீர்கள். சில்க்கி அடிக்கடி அடைக்கு உட்காரும். உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். என்னிடம் இருந்த ஒன்று, முட்டைகளை எடுத்த பிறகும் ஒரு உருளைக்கிழங்கை நான்கு நாள் அடைகாத்தது! மழையில் மட்டும் விடாதீர்கள். அந்த இறகு தண்ணீரைத் தடுக்காது, தோல்வரை நனைந்துவிடும்.