கப்பலில் டின்னருக்கு எத்தனை உடை?

கேள்வி: மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு 7 இரவு கப்பல் பயணம், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பார்ட்டி டிரெஸ் போட வேண்டுமாமே, ஆளுக்கு எத்தனை எடுத்துக்கொள்வது?

பதில்: ஏழு இரவும் பட்டும் கோட்டும் தேவையே இல்லை. 7 இரவுப் பயணத்தில் பெரும்பாலும் 2 இரவுதான் ஃபார்மல், அதுவும் கப்பலின் முக்கிய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான். பஃபே பக்கம் போனால் அந்தக் கட்டாயம் பொதுவாகக் கிடையாது. அதனால் கணவருக்கு ஒரே கோட், இரண்டு சட்டை போதும். நீங்கள் தாராளமாகப் புடவை கட்டலாம், ஆனால் கசங்கும் பட்டை விட கிரேப் நல்லது, ஏனென்றால் தீப்பிடிக்கும் என்று பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸ் கொண்டுவரவே விடமாட்டார்கள், காசு கொடுத்துத்தான் தேய்க்க வேண்டும். மற்ற இரவுகளுக்குக் காலர் வைத்த சட்டை, சுடிதார், சரி. பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செட் வையுங்கள், சூப் கொட்டாத குழந்தை உண்டா! அப்புறம், துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர சாயங்காலம்கூட ஆகலாம், முதல் நாள் டின்னருக்கான உடை கைப்பையிலேயே இருக்கட்டும்.